மூன்றாவது கட்டத்தில் நின்ற வேன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்குப் பெயின்ட்டர் வாளியும் பிரஷுமாக வந்து இறங்கியபோது, என் கடையின் பார்க்கிங்கில் ஆறு கட்டமும் காலியாக இருந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அவரை விடுமுறை நாளில் வரச் சொல்லியிருந்தேன். வந்து பார்த்தால் மூன்றாவது கட்டத்தில் ஒரு மஞ்சள் வேன் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. கண்ணாடியெல்லாம் பனி படர்ந்திருந்தது, கூரைமேல் நாலைந்து சருகுகள் கிடந்தன. ராத்திரி முழுக்க இங்கேதான் நின்றிருக்கிறது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"இதை வச்சுக்கிட்டு எப்படி மேடம் கோடு போடுறது?" என்றார் பெயின்ட்டர்.

"மத்த அஞ்சையும் போட ஆரம்பிங்க. இவனை நான் பாத்துக்கறேன்."

இவன் என்றுதான் சொன்னேன். முகம்கூடத் தெரியாத ஆளை, வண்டியை மட்டும் பார்த்துவிட்டு அவன் இவன் என்று பேசும் பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று இப்போது யோசிக்கிறேன். என் அம்மா கேட்டிருந்தால் வாயிலேயே போட்டிருப்பாள்.

எனக்கு ஒரு கண்ணாடிக் கடை இருக்கிறது. முன்னால் ஃபிரேம் மாட்டிய சுவர்கள், நடுவில் கண் பரிசோதனை செய்யும் இருட்டு அறை, பின்னால் லென்ஸ் அரைக்கும் மிஷின், பக்கத்தில் ஆறு கார் நிற்கிற இடம். பதினொரு வருஷமாகக் கடையை நடத்துகிறேன். கண்ணைப் பரிசோதிப்பது நான், லென்ஸை அரைத்து மாட்டுவது எங்கள் லென்ஸ் அண்ணன். வாடகையில் பாதி அந்த ஆறு கட்டத்துக்குத்தான் போகிறது என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இடது பக்கம் ஜிம், வலது பக்கம் டியூஷன் சென்டர், எதிரே பேக்கரி. இவர்கள் மூன்று பேருக்கும் வண்டி நிறுத்த இடம் கிடையாது. அதனால் மூன்று பேருடைய வாடிக்கையாளர்களுக்கும் என் இடம்தான் சத்திரம். "அஞ்சே நிமிஷம்தாங்க" என்பார்கள். அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் ரெண்டு பேருக்குக் கண் பரிசோதனையே முடித்துவிடுவேன்.

போர்டு வைத்தேன். அதன்மேல் யாரோ வியர்வைத் துண்டைக் காயப் போட்டார்கள். சங்கிலி கட்டினேன். அதை அவிழ்த்து, அழகாகச் சுருட்டி, ஓரமாக வைத்துவிட்டு உள்ளே நிறுத்தினார்கள். ரோட்டில் வைக்கிற ஆரஞ்சுக் கூம்பு நாலு வாங்கி வைத்தேன். ஒன்று மட்டும்தான் மிஞ்சியது. பிறகு ஒருநாள், ஆபரேஷன் முடிந்து ஒற்றைக் கண்ணில் மூடி ஒட்டியிருந்த ஒரு பெரியவர், இங்கே இடமில்லாமல் அந்தப் பக்கம் இறங்கி, மகள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தார். பஸ் ஒன்று ஒரு முழத்தில் பிரேக் அடித்தது. அன்றைக்குத்தான் என் பொறுமை முறிந்தது. நியாயம் முழுக்க என் பக்கம் இருந்தது. வினையே அதுதான்.

எங்கள் பகுதிக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. நானூறு பேர். தெருவிளக்கு எரியவில்லை, பூனையைக் காணவில்லை என்று போட்டுக்கொண்டிருப்பார்கள். ஜிம் மாஸ்டருடைய காரைப் போட்டோ எடுத்து அதில் போட்டேன். "உடம்பை வளர்க்கிற இடத்தில் மற்றதையும் கொஞ்சம் வளர்க்கலாம்" என்று கீழே ஒரு வரி. அறுபது பேர் சிரித்தார்கள். மாஸ்டர் பத்து நிமிஷத்தில் ஓடிவந்து காரை எடுத்தார். போர்டும் சங்கிலியும் செய்யாததை ஒரு போட்டோ செய்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ருசி கண்டுவிட்டது. பல் தேய்க்கும்போதே அடுத்த வண்டிக்கு என்ன எழுதலாம் என்று யோசிப்பேன். கடைத்தெருவில் பார்த்தால், "இன்னைக்கு யாரு மாட்டினது மேடம்?" என்று கேட்பார்கள். வீட்டுக்காரர் என்னைப் 'பார்க்கிங் போலீஸ்' என்று கூப்பிட ஆரம்பித்தார். உண்மையைச் சொல்கிறேன், யாரும் மாட்டாத நாட்களில் எனக்குச் சப்பென்று இருந்தது.

அதோடு ஒரு சட்டமும் போட்டேன். கடைக்கு வருகிறவர்கள் கவுன்ட்டரில் இருக்கும் நோட்டில் வண்டி நம்பரை எழுத வேண்டும். நோட்டில் இல்லாத வண்டி திருட்டு வண்டி.

அந்த ஞாயிற்றுக்கிழமை நோட்டு உள்ளே இருந்தது. ஷட்டர் மூடியிருந்தது. சாவி என் கைப்பையில்தான் இருந்தது. திறந்து ஒரு பக்கம் புரட்டிப் பார்க்க ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் போனைத்தான் எடுத்தேன். முன்பக்கம் ஒன்று, நம்பர் பிளேட் ஒன்று, பக்கவாட்டில் 'பள்ளி வாகனம்' என்று எழுதியிருந்தது ஒன்று. பின்கதவில் பெரிய எழுத்தில் ஒரு போன் நம்பர் இருந்தது. அதையும் தெளிவாக விழும்படி ரெண்டு அடி பின்னால் போய் எடுத்தேன்.

"அதான் நம்பர் போட்டிருக்கே மேடம்" என்றார் பெயின்ட்டர். "ஒரு போன் அடிச்சுப் பாக்கலாமே?"

"போன் அடிச்சா, சாரிம்மான்னு சொல்லிட்டு எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் எப்படிப் புத்தி வரும்?"

பெயின்ட்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டப்பாவைத் திறக்கப் போனார்.

"பிள்ளைகளை ஒழுக்கம் படிக்க ஏற்றிச் செல்லும் வண்டி. ஓட்டுகிறவர் எங்கே படித்தாரோ?" இதுதான் நான் எழுதியது. எழுதிவிட்டு ரெண்டு தடவை படித்துப் பார்த்து ரசித்தேன். ஒன்பது மணிக்குப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் வீட்டில் காப்பியோடு போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். சிரிப்புப் பொம்மைகள் மளமளவென்று விழுந்தன.

பத்து மணி வாக்கில் பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஒருவர் நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, ஏதோ சொந்தக்காரரைப் பார்த்துவிட்டது போல.

"மேடம், இன்னைக்கு லீவுன்னு நினைச்சேன். நீங்க சொன்ன மாதிரியே வண்டியை இங்கயே விட்டுட்டுப் போயிட்டேன். இப்ப கண்ணு தெளிஞ்சிடுச்சு. எடுத்துக்கலாங்களா?"

கையில் வேன் சாவி இருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம், கடைசி ஆளாக வந்தவர். "எதிர்ல வர்ற லைட் சிதறுதுங்க" என்று சொன்னவர். அன்றைக்கு முப்பது பேரைப் பார்த்திருந்தேன், எனக்கே கண் சொருகியது. கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது பார்க்கிங் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாரத்தில் 'தொழில்' என்ற இடத்தில் அவர் எழுதியிருந்ததைக்கூட நான் படிக்கவில்லை. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, உள்ளே நன்றாகப் பார்த்து, "ஒண்ணும் பயம் இல்ல, ஒரு கண்ணாடி போட்டா போதும்" என்றேன். அந்தச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குக் கண் கூசும், பார்வை மங்கலாக இருக்கும். அதனால் எல்லோரிடமும் ஒரு பாட்டுப் பாடுவேன்: இன்னைக்கு வண்டி ஓட்டாதீங்க, இங்கயே விட்டுட்டுப் போங்க, காலையில வந்து எடுத்துக்கங்க. பஸ்ஸில் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரிதான், என் வாய் சொல்லும், என் காதில் விழாது. பதினொரு வருஷத்தில் ஒருத்தராவது அதைக் கேட்டதில்லை. எல்லோரும் மண்டையை ஆட்டிவிட்டு, கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சர்ரென்று வண்டியை எடுத்துக்கொண்டு போவார்கள். இந்த ஒரு மனிதர் கேட்டிருக்கிறார்.

"எடுத்துக்கங்க" என்றேன்.

"ராத்திரி பூரா நின்னதுக்கு ஏதாச்சும் கட்டணுமா மேடம்?"

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்."

"ரொம்ப நன்றிங்க. நோட்டுலகூட நம்பர் எழுதிட்டுத்தான் போனேன்."

பெயின்ட்டர் குனிந்த தலை நிமிராமல் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் என் மானம் அங்கேயே போயிருக்கும். சொல்லவில்லை. வேன் கிளம்பி, திருப்பத்தில் ஒரு முறை ஹாரன் அடித்துவிட்டுப் போனது. எனக்கு விடை சொல்லிவிட்டுப் போகிறாராம்.

உடனே போட்டோவை அழித்தேன். இருநூறு பேருக்குமேல் பார்த்தாகிவிட்டது. "ஏன் மேடம் எடுத்துட்டீங்க?" என்று கேட்டார்கள். என் தப்பு என்று நாலு வார்த்தை எழுதியிருந்தால் முடிந்திருக்கும். 'என் தப்பு' என்று விரல் எழுதியது, மனசு அழித்தது. எத்தனை பேரைச் சிரிக்க வைத்தவள் நான், நானூறு பேர் முன்னால் எப்படி? கடைசியில் இப்படிப் போட்டேன்: "மேற்படி வாகனம் எங்களிடம் கண் பரிசோதனைக்கு வந்தவருடையது. தவறுதலாகப் பதிவாகிவிட்டது." யாரோ பதித்தது போல ஒரு வாக்கியம். போட்டுவிட்டு, அப்பாடா என்று கைப்பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

என் இருட்டு அறைக்குள் நடப்பது எதுவும் வெளியே போகாது. மனைவியின் பவர் என்னவென்று புருஷன் கேட்டால்கூட அவரையே கேளுங்கள் என்பேன். அப்படிப்பட்ட நான், ஒரு வேன் டிரைவர் கண் பரிசோதனைக்கு வந்தார் என்று, அவருடைய வண்டி நம்பரும் போன் நம்பரும் போட்ட அதே குரூப்பில் நானூறு பேருக்கு அறிவித்திருக்கிறேன். அது எனக்கு உறைக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை லென்ஸ் அண்ணன்தான் உறைக்க வைத்தார். மிஷினை நிறுத்திவிட்டு, துணியால் கையைத் துடைத்துக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்க எதிர்வீட்டுப் பொண்ணு அந்த வேன்லதான் ஸ்கூலுக்குப் போவாம்மா. நேத்திலேர்ந்து அவங்க அம்மா ஸ்கூட்டர்ல கொண்டு விடறாங்க. வேன்காரருக்குக் கண்ணு தெரியலையாம்."

"யாரு சொன்னது? அவருக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு!"

"நீங்கதானேம்மா போட்டீங்க."

கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் எப்போதும் ஃபிரேமின் காதை வளைக்கும்போது பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னார்.

"ஒரு பேஷன்ட் வந்துட்டுப் போனதை நாம வெளிய சொல்றதே கிடையாதேம்மா" என்றார் பிறகு. "போன மாசம் திடீர்னு பிரேக் போட்டாராம், நாய் குறுக்க வந்துச்சாம். இப்ப அதுவும் கண்ணு தெரியாமத்தான்னு பேச்சு. ஆளுக்கு ஆள் ஒண்ணு சேத்துக்கிட்டே போறாங்க."

நான் குரூப்பைத் திறந்து பார்த்தேன். வேன் விஷயத்தை எல்லோரும் தாண்டிப் போயிருந்தார்கள். யாரோ ஒரு பழைய கட்டிலை விற்றுக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம், வேன்காரர் கண்ணாடி வாங்க வந்தார். வேனில் வரவில்லை, நடந்து வந்தார். பார்க்கிங்கில் நாலு கட்டம் காலியாகத்தான் இருந்தது. லென்ஸ் அண்ணன் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் போய் மிஷினைப் போடாமல் உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டு, எதிர்ச்சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்தார். அதைவிடச் சின்ன எழுத்து என்னிடம் இல்லை.

"நல்லா தெரியுதுங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"பதினேழு பிள்ளைங்க மேடம். இப்ப ஆறு."

இவருக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று ஒரு ஓரத்தில் இன்னும் நம்பிக்கொண்டிருந்தேன். என்ன ஜென்மம் நான்.

"யாரும் சொல்லி நான் வரலைங்க. வண்டி ஒரு தடவைகூட இடிச்சதில்ல. லேசா லைட் சிதறுற மாதிரி இருந்துச்சு. பிள்ளைங்க விஷயமாச்சேன்னு நானாத்தான் வந்தேன். இப்ப வராமலே இருந்திருக்கலாம்னு வீட்டுல சொல்றாங்க."

"தப்பு என்னோடதுங்க" என்றேன். மூன்று நாளாக விரலில் தங்காதது அப்போது வாயில் வந்தது. வந்தும் பிரயோஜனமில்லை என்று தெரிந்தது. "நான் ஒரு லெட்டர் தரேன். கண்ணு நல்லா இருக்கு, எந்த வண்டியும் ஓட்டலாம்னு, சீல் போட்டுத் தரேன்."

"காட்டிப் பாத்தேங்க, நீங்க அன்னைக்கு எழுதிக் குடுத்த சீட்டை. இதெல்லாம் கேட்டா எழுதிக் குடுக்கிறதுதானேன்னு சொல்லிட்டாங்க."

"அப்ப குரூப்ல போடுறேன். எல்லாத்தையும் விவரமா, என் மேல தப்புன்னு..."

"குரூப்லயா?" என்று கேட்டார். கோபமே இல்லாத முகம். அதைப் பார்க்க முடியாமல் நான் மேஜைமேல் இருந்த ஃபிரேம்களை வரிசையாக அடுக்கினேன், கலைத்தேன், திரும்ப அடுக்கினேன். என் வயசுக்கு நான் அந்த அளவுக்குக் கூனிக்குறுகி நின்றதில்லை. நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால், நானும் பதிலுக்கு ரெண்டு பேசி, ராத்திரி தூங்கியிருப்பேன்.

அவர் எழுந்தார். கண்ணாடியைப் பெட்டியில் வைத்தார். வாசல்வரைக்கும் போய்த் திரும்பினார்.

"காலையில ஆறே முக்காலுக்குக் கிளம்புவேன். உங்க கடை வழியாத்தான் போவேன். வர்றீங்களா மேடம்? வீடு வீடா இறங்கி நீங்களே சொல்லுங்க."

குரூப்பில் எழுதுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. "வரேன்" என்றேன். பின்னாலிருந்து லென்ஸ் அண்ணன் மிஷினைப் போடும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை, பூட்டிய கடை வாசலில் நான் நின்றிருந்தேன். அவ்வளவு காலையில் அந்தத் தெருவை நான் பார்த்ததே இல்லை. வேன் வந்து நின்றது. முன்சீட்டில் ஏறினேன். அவர் புதுக் கண்ணாடி போட்டிருந்தார். அது லேசாக மூக்கில் சரிந்தது, அடிக்கடி விரலால் தள்ளிவிட்டுக்கொண்டார். ஒரு சின்ன நெம்பு நெம்பினால் சரியாகிவிடும், கை பரபரத்தது. கேட்கத் தைரியமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸைவிட மெதுவாக, ஒவ்வொரு முனையிலும் நின்று, ரெண்டு பக்கமும் பார்த்துப் போனார். இந்த மனிதரைத்தான் நான் எங்கே படித்தாரோ என்று கேட்டேன்.

மிச்சமிருந்த ஆறு பிள்ளைகளும் முதல் நாலு வீட்டில் ஏறிவிட்டார்கள். ஏறும்போதே என்னை முறைத்தார்கள். சீட்டுகள் காலியாக இருந்ததால் ஆளுக்கு ஒரு ஜன்னல் பிடித்துக்கொண்டார்கள். ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண், ஏழெட்டு வயதிருக்கும், முன்சீட்டுக்குப் பின்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, இந்த ஆன்ட்டிதான் போட்டோ போட்டவங்களா?"

"உக்காரு கண்ணு. வண்டி ஓடுதில்ல?"

"சொல்லுங்க மாமா, இவங்கதானா?"

"ஆமா."

"எதுக்குப் போட்டாங்க?"

"அவங்களையே கேளு" என்றார் அவர், கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல்.

பிள்ளை என் தோளைத் தட்டினாள். நான் திரும்பி, "தெரியாம போட்டுட்டேன்மா" என்றேன்.

அவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "தெரியாம எப்படி ஆன்ட்டி போட்டோ எடுப்பாங்க?"

பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். டிரைவர் சிரிக்கவில்லை. எனக்குக் காது மடல் சுட்டது. வேன் ஒரு முனையைத் தாண்டியது.

"இல்லம்மா" என்றேன். "தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அவள் "ஓ" என்றாள். போய்த் தன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த திருப்பத்தில் வேன் வேகம் குறைந்தது. பச்சைக் கேட் போட்ட வீடு. உள்ளே ஒரு ஸ்கூட்டர் வெளியே இறக்கத் தயாராக நின்றது. அதன் பக்கத்தில் ஒரு அம்மா, ஒரு தோளில் தன் ஆபீஸ் பையும் இன்னொரு தோளில் பிள்ளையின் புத்தகப் பையுமாக, ஹெல்மெட்டை மாட்டப் போராடிக்கொண்டிருந்தாள். வேனைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது.

"இந்த வீட்டுல ரெண்டு பிள்ளைங்க" என்றார் அவர்.

நான் இறங்கினேன். ராத்திரி முழுக்கப் படுக்கையில் புரண்டு புரண்டு தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றுகூட நாக்கில் இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற அந்த அம்மா, கொக்கியில் கை வைத்திருந்தாள், திறக்கவில்லை. அவள் இடுப்புக்குப் பக்கத்தில் ரெண்டு தலைகள் எட்டிப் பார்த்தன, என்னைத் தாண்டி, வேனில் இருந்த சிநேகிதர்களுக்குக் கையாட்டின.

"நீங்க யாரு?" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பின்னால் அவர் வேனின் எஞ்சினை அணைத்தார். தெரு சட்டென்று அமைதியாகிவிட்டது. வேனின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் மட்டும் கேட்டது.